காரணம் கற்பிக்கும் ஊர்: இமையத்தின் இரு படைப்புகளும் சமூக உளவியலும்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் சூளையிலிருந்து இறக்கிய பண்டத்தில் கீறல் காணப்படுமாயின், தொழிலறிந்தவர் உடனே மண்ணின்மேல் பழி போடுவதில்லை. மண்ணோடு சேர்த்த கல்தூளின் அளவு சரியா, அச்சில் வார்த்த குழம்பின் பதம் சரியா, ஈரம் முற்றும் உலருமுன் சூளை ஏற்றிவிட்டார்களா, சூட்டை மெல்ல ஏற்றினார்களா, ஆறுமுன் கதவைத் திறந்துவிட்டார்களா என்று ஒவ்வொன்றாக வினவிய பின்னரே ஒரு முடிவுக்கு வருவர். மண்ணும் காரணமாகலாம், ஆனால் மண்ணே முதற்காரணம் என்று அவர்கள் தொடங்குவதில்லை.

மனிதர் மனிதரின் செயலுக்குக் காரணம் கூறும்போது இப்பொறுமை காணப்படுவதில்லை. ‘அவன் புத்தி அப்படி’, ‘ரத்தத்திலேயே ஊறியது’, ‘வளர்ப்புச் சரியில்லை’, ‘சகவாச தோஷம்’, ‘தலையெழுத்து’, ‘ஊர்வாய்க்கு அஞ்சிச் செய்துவிட்டான்’ என நம் அன்றாடப் பேச்சில் காரணச் சொற்கள் ஏராளம். இவற்றுள் சில செய்தவனின் உள்ளத்தைச் சுட்டுவன; சில அவனைச் சூழ்ந்திருப்பவற்றைச் சுட்டுவன; சில இரண்டிற்கும் அப்பாலுள்ள ஒன்றைச் சுட்டுவன. வள்ளுவர் ஊழுக்கென ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கென மற்றோர் அதிகாரமும் வகுத்திருப்பதை நினைந்தால், இவ்வழக்கு நமக்குப் புதிதன்று என்பது விளங்கும். சொற்கள் நம்மிடம் உண்டு. எந்தச் சொல்லை எவருக்கு வழங்குகிறோம் என்பதுதான் கேள்வி. இக்கேள்வியைத் தற்காலத் தமிழ்க் கதையிலக்கியத்தில் மிகக் கூர்மையாக எழுப்பியவர், விருத்தாசலத்தில் வாழ்ந்து எழுதிவரும் இமையம். அவருடைய ‘பெத்தவன்’ என்னும் நெடுங்கதையையும், ‘கோவேறு கழுதைகள்’ என்னும் முதல் நாவலையும் சமூக உளவியலின் சில கருத்துக்களோடு வைத்துப் படிக்க இங்கு முற்படுகின்றோம். அருளுரை ஆற்றுவோரும் ஆற்றப் பயில்வோரும் வாரந்தோறும் மனிதச் செயலுக்குக் காரணம் கூறும் பணியில் இருப்பவர்களாதலின், இவ்வாராய்ச்சி நம் வாசகருக்குப் புறம்பானதன்று.

‘பெத்தவன்’ 2012ஆம் ஆண்டு ‘உயிர்மை’ இதழில் வெளியாயிற்று. கதை சுருக்கமானது. பழனி என்பவரின் மகள் பாக்கியம், பெரியசாமி என்னும் தலித் இளைஞனை விரும்புகிறாள். அவன் காவல்துறையில் உதவி ஆய்வாளன். ஆயினும் அப்பதவி ஊரின் கண்ணில் அவனை உயர்த்தவில்லை. ஊர் கூடுகிறது. மகளை மருந்து வைத்துக் கொன்றுவிட வேண்டும் என்பது ஊரின் முடிவு. பழனி அதற்கு உடன்பட்டு வீடு திரும்புகிறார். அன்றிரவே மகளுக்குப் பணமும் நகையும் கொடுத்து, அவள் விரும்பியவனிடம் போய்ச் சேருமாறு அனுப்பி வைக்கிறார். பின்னர்த் தாம் நஞ்சருந்தி மாய்கிறார்.

பழனி ஏன் இவ்வாறு செய்தார்? வாசகர் பெரும்பாலோரின் விடை ஆயத்தமாக இருக்கும்: பெற்ற பாசம். கதையின் பெயரும் அவ்விடைக்கே வழிகாட்டுகிறது. ஆனால் மகளைக் கொன்ற தந்தையரும் பெற்றவர்களே. அவர்களைக் குறித்துக் கேட்டால், ‘மானம் பொறுக்கவில்லை’, ‘ஊர் தூண்டிவிட்டது’, ‘ஆத்திரத்தில் அறிவிழந்தான்’ என்று நாம் கூறுகிறோம். காத்தவனுக்குக் குணத்தைக் காரணமாக்குகிறோம். கொன்றவனுக்குச் சூழலைக் காரணமாக்குகிறோம். இவ்வாறு காரணம் பங்கிடப்படும் முறையைத்தான் சமூக உளவியலார் ஆராய்ந்தனர்.

1958இல் ஃபிரிட்ஸ் ஹைடர் எழுதிய நூல் இத்துறைக்கு அடித்தளம் இட்டது. சாதாரண மனிதன் ஒவ்வொருவனும் ஓர் எளிய உளவியலறிஞனே என்பது அவர் கொண்ட கருத்து. பிறரின் செயலைக் கண்டவுடன், அது அவரது உள்ளியல்பினின்று எழுந்ததா, புறச் சூழலினின்று எழுந்ததா என்று அவன் தீர்மானிக்கிறான். அத்தீர்மானத்தின்படியே சினக்கிறான், இரங்குகிறான், மன்னிக்கிறான். 1967இல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்னும் இருவர் மாணவரிடம் கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தோ எதிர்த்தோ எழுதிய கட்டுரைகளைக் கொடுத்தனர். எந்தப் பக்கம் எழுதுவது என்பது கட்டுரையாளருக்கு விதிக்கப்பட்டது, அவர் தேர்ந்ததன்று என்று தெளிவாகக் கூறிய பின்னரும், எழுதியவரின் மனக்கருத்தே அது என்று படித்தவர்கள் ஓரளவேனும் கருதினர். கட்டளையின் வலிமை கண்ணுக்குத் தெரிவதில்லை. எழுதிய கை தெரிகிறது. சூழலைக் குறைத்தும் இயல்பை மிகுத்தும் மதிப்பிடும் இச்சாய்வுக்கு லீ ராஸ் 1977இல் ‘அடிப்படைக் காரணப் பிழை’ எனப் பெயரிட்டார்.

திருமறை வாசகருக்கு இதில் வியப்பில்லை. பிறவிக் குருடனைக் கண்ட சீடர், பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று வினவியபோது, இரண்டே விடைகளைத் தம் கையில் வைத்துக்கொண்டு வினவினர் (யோவான் 9). இயேசு அவ்விரண்டையும் ஏற்கவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைக் குறித்தும் அவர் இவ்வாறே கேட்டவரின் கணக்கைக் கலைத்தார் (லூக்கா 13). மெலித்தா தீவினரோ இன்னும் விரைவானவர்கள்: பவுலின் கையில் பாம்பு பற்றியதும் இவன் கொலைகாரன் என்றனர், அவர் சாகாதது கண்டு இவர் தேவன் என்றனர் (அப்போஸ்தலர் 28). இரு தீர்ப்புகள், இரண்டும் ஆளைப் பற்றியவை. பாம்பைப் பற்றி எவரும் ஆராயவில்லை. யோபின் நண்பர்களைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. மெல்வின் லெர்னர் 1966 முதல் செய்த ஆய்வுகளில் ‘உலகம் நீதியானது என்னும் நம்பிக்கை’ என்று விளக்கியது அந்நண்பர்களின் இறையியலையே எனலாம். துன்புறுவோனைக் காக்க வழியற்றுப் பார்த்திருப்பவர், நாளடைவில் துன்புறுவோனையே தாழ்வாக மதிக்கத் தலைப்படுகின்றனர். அவ்வாறு மதித்தால்தான் உலகம் ஒழுங்கோடு இயங்குவதாக நம்பித் தூங்க முடியும்.

சூழலின் வலிமைக்கு ஒரு சான்று இறையியற் கல்லூரிக்குள்ளேயே கிடைத்தது. 1973இல் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியற் கல்லூரி மாணவர் நாற்பதின்மரைப் பற்றியது. அவர்கள் பக்கத்துக் கட்டடத்துக்குச் சென்று ஒரு சிற்றுரை ஆற்றவேண்டும். சிலருக்குத் தலைப்பு நல்ல சமாரியன் உவமை. சிலருக்கு இறையியல் மாணவர்க்கேற்ற வேலைவாய்ப்பு. வழியில், ஒரு வாயிலில் ஒருவர் சரிந்து கிடந்து இருமி முனகிக்கொண்டிருந்தார். அவர் ஆய்வாளரின் ஏற்பாடு. நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவருள் நூற்றுக்கு 63 பேர் உதவினர். சரியான நேரம் என்று சொல்லப்பட்டவருள் 45 பேர். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவருள் 10 பேர் மட்டுமே. சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்னும் நினைவு குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. உவமையைச் சொல்லப் போனவருள் சிலர், கிடந்தவரைத் தாண்டிக்கொண்டே போயினர். ஒரே ஞாயிற்றில் மூன்று சபைகளுக்கு ஓடவேண்டிய சேகரகுரு இவ்வாய்வைப் படித்துச் சிரிப்பாரா, வருந்துவாரா என்பதை அவருக்கே விட்டுவிடுகின்றோம்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். அக்காலச் சமூக உளவியலின் புகழ்பெற்ற கதைகள் சில இன்று ஐயத்துக்குள்ளாகியுள்ளன. 1971இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த சிறைச் சோதனையில் காவலர்களாக நடித்தவர்க்கு முன்கூட்டியே தூண்டுதல் இருந்தமை பின்னர் வெளிப்பட்டது. 1964இல் நியூயார்க்கில் ஒரு பெண் கொல்லப்பட்டதை 38 பேர் வாளா பார்த்திருந்தனர் என்னும் செய்தியும் மிகைப்படுத்தப்பட்டதென இப்போது அறிகிறோம். 2019இல் மூன்று நாட்டு நகரங்களின் தெருக் கண்காணிப்புப் படப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், பொதுவிடச் சண்டைகளில் பத்தில் ஒன்பதில் எவரேனும் ஒருவர் தலையிட்டு உதவியதைக் கண்டனர். ஆகவே, கூட்டம் என்றாலே கைகட்டி நிற்கும் என்று பொதுவிதி வகுத்தல் தவறு. இத்திருத்தம் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டுவது. முன்பின் அறியாத அயலார் தெருவில் தலையிடுகிறார்கள். தாய்மாமனும் பங்காளியும் நிறைந்த ஊர்க்கூட்டத்தில் எவரும் தலையிடுவதில்லை என்றால், அதற்குக் கூட்டத்தின் எண்ணிக்கை காரணமாகாது. கூட்டம் யாருடையது என்பதே காரணம்.

மில்கிராமின் கீழ்ப்படிதல் ஆய்வினின்றும் ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். அதிகாரியின் சொற்படி, அடுத்தவருக்கு உச்சமான மின்னதிர்ச்சி தரும் அளவுக்குச் சென்றவர் நாற்பதின்மரில் 26 பேர் என்பது எல்லாரும் மேற்கோள் காட்டும் எண். உடனிருந்த இருவர் மறுத்து எழுந்துவிட்டதைக் கண்ட நாற்பதின்மருள் இறுதிவரை சென்றவர் 4 பேரே என்பதை அத்துணைப் பேர் மேற்கோள் காட்டுவதில்லை. மறுப்பதற்கு மாவீரம் வேண்டியதில்லை. மறுக்கும் இருவர் பக்கத்தில் இருந்தால் போதும். பழனிக்கு அந்த இருவர் இல்லை. ஊர்க்கூட்டத்தின் பேச்சைத் தடுத்து நிறுத்தும் வலிமையுள்ள துணை எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. ஆகவேதான் அவர் கூட்டத்தில் மறுக்காமல் உடன்படுகிறார்; மறுப்பை இருட்டில் செய்கிறார்; அதற்குரிய விலையைத் தம் உயிரால் கொடுக்கிறார். இவ்வமைப்பை இமையம் கோட்பாடு படித்து உருவாக்கினார் என்று நாம் சொல்லவில்லை. ஊரைக் கூர்ந்து கேட்டவர் அவர்; அவருடைய உரைநடையே கேட்டதன் பதிவு.

இனி நம் நாட்டைப் பற்றிய ஆய்வுகளுக்கு வருவோம். ஜோன் மில்லர் 1984இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் சிகாகோவையும் நம் மைசூரையும் ஒப்பிட்டது. தம்மைச் சார்ந்த ஒருவர் செய்த தவற்றை விளக்குமாறு கேட்டபோது, அமெரிக்கப் பெரியோர் பெரும்பாலும் குணத்தைச் சுட்டினர். மைசூர்ப் பெரியோர் சூழலையும் கடமையையும் சுட்டினர். சிறுவரிடையே இவ்வேறுபாடு மிகச் சிறிது. வயது ஏற ஏறவே அது வளர்ந்தது. அந்த ஆய்வில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வழக்கறிஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் விபத்துக்குள்ளாகி, பின்னால் இருந்தவரை மருத்துவமனையில் விட்டுவிட்டு, மருத்துவரைக்கூடக் கலந்து பேசாமல் நீதிமன்றம் போய்விடுகிறார், அடிபட்டவர் இறந்துவிடுகிறார். பொறுப்பற்றவர் என்பது சிகாகோவின் விளக்கம். அவருக்கு நீதிமன்றக் கடமை இருந்தது, பதற்றத்தில் இருந்திருப்பார், அடி அத்தனை பெரிதென்று தெரிந்திராது என்பது மைசூரின் விளக்கம். எரிகோ வழியில் விலகிச் சென்ற ஆசாரியனையும் லேவியனையும் மைசூரார் விளக்கியிருந்தால் எப்படி விளக்கியிருப்பர் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

மில்லரின் முடிவு நமக்குப் பெருமையளிப்பது. மேனாட்டார் தனி மனிதனைப் பழிக்க, நாமோ சூழலை உணர்ந்து இரங்குகிறோம் என்று மகிழலாம். இம்மகிழ்ச்சி நிலைக்காது. பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1974இல், டொனால்டு டெய்லரும் வைஷ்ணா ஜக்கியும் தென்னிந்தியாவில் இந்து அலுவலகப் பணியாளரிடம் மற்றோர் ஆய்வைச் செய்திருந்தனர். கடைக்காரர் ஒருவர் தாராளமாக நடந்துகொண்டார், அல்லது ஏமாற்றினார். ஒருவர் மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்தார், அல்லது கொடுக்கவில்லை. இத்தகைய நிகழ்ச்சிகளில் செய்தவர் சில வேளை இந்து, சில வேளை முஸ்லிம். தம்மவர் நன்மை செய்தால் அது அவர் குணம். தீமை செய்தால் சூழ்நிலை. அடுத்தவர் தீமை செய்தால் அது அவர் குணம். நன்மை செய்தால் சூழ்நிலை. இதுவே கிடைத்த விடை. 1979இல் தாமஸ் பெட்டிகுரூ இதனைப் பொதுமைப்படுத்தி, குழுக்களிடையே நிகழும் இறுதிநிலைக் காரணப் பிழை என்றார்.

இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்காதவர் தமிழ்ச் சமூகத்தைப் பாதியே படித்தவராவர். நாம் சூழலை அறியாதவர்களல்லர். ஒருவனுடைய செயலுக்குப் பின்னே இருக்கும் கடனையும் கடமையையும் உறவின் நெருக்கத்தையும் நுட்பமாக எடுத்துரைக்கும் திறமை நம் ஊர்ப்பேச்சுக்கு உண்டு. ஆனால் அந்த இரக்கத்துக்கு எல்லைக்கல் உண்டு. ஊர்த்தெருவின் கடைசி வீட்டோடு அது நின்றுவிடுகிறது. காலனிக்குச் செல்லும் பாதையில் அது நடப்பதில்லை.

விருத்தாசலத்துக்கு அருகிலேயே இதற்குச் சான்று உள்ளது. கண்ணகி–முருகேசன் வழக்கு நம் வாசகர் அறிந்ததே. வன்னியப் பெண்ணும், பொறியியல் படித்த தலித் இளைஞரும் 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். அதே ஆண்டு ஜூலை 8ஆம் நாள் அவ்விருவரும் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். நம் ஆராய்ச்சிக்கு மிக முதன்மையானது கொலைக்குப் பின் நிகழ்ந்தது. உள்ளூர்க் காவல்துறை பதிவு செய்த வழக்கில் பெண்ணின் உறவினரோடு இளைஞரின் உறவினரும் குற்றவாளிகளாகச் சேர்க்கப்பட்டனர். அவரவர் குடும்பம் மானம் கருதி அவரவர் பிள்ளையைக் கொன்றதாக ஒரு விளக்கம் உருவாக்கப்பட்டது. மகனை இழந்த வீட்டாரே கொலைப்பழி சுமந்தனர். காரணம் கற்பித்தல் என்பது உள்ளத்தில் நிகழும் ஒரு நினைப்பு மட்டுமன்று. முத்திரையிட்ட தாளில் எழுதப்படும் செயலுமாகும் என்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. 2004இல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. கொலை நடந்து பதினெட்டு ஆண்டுகள் கழிந்து, 2021 செப்டம்பரில், கடலூர் நீதிமன்றம் பெண்ணின் அண்ணனுக்கு மரண தண்டனையும் பன்னிருவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. தண்டிக்கப்பட்டவருள் காவல் அலுவலர் இருவரும் இருந்தனர். 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாக மாற்றி, இருவரை விடுவித்தது. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளிவிட்டது.

‘பெத்தவன்’ இவ்வழக்கின் பதிவன்று. அவ்வாறு படிப்பது கதைக்கும் வழக்கிற்கும் நீதி செய்யாது. ஆயினும் இவ்வட்டாரத்து வாசகன் இரண்டையும் அடுத்தடுத்து வைக்காமல் இருக்க முடியாது. வழக்கில் குடும்பம் ஊரின் கையாக ஆயிற்று; கதையில் ஒரு தந்தை அக்கையாக இருக்க மறுக்கிறான்.

கதை வெளிவந்த சில வாரங்களில், 2012 நவம்பர் 7ஆம் நாள், தருமபுரி மாவட்டத்தில் நிகழ்ந்தது இலக்கியத்தையும் கடந்த ஒன்று. வன்னியப் பெண்ணொருத்தி தலித் இளைஞனை மணந்ததைத் தொடர்ந்து அவள் தந்தை உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பின் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி என்னும் தலித் குடியிருப்புகளில் இருநூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் கொள்ளையிட்டு எரிக்கப்பட்டன. கதையிலும் ஒரு தந்தை சாகிறார்; நிகழ்விலும் ஒரு தந்தை சாகிறார். கதையில் அச்சாவு மகளை வாழவிடும் பொருட்டு. நிகழ்வில் இறந்தவர் மனத்தில் என்ன இருந்தது என்று கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் ஊர் அதற்குக் கற்பித்த காரணம் தீவட்டியாயிற்று. செயல் தன் பொருளைத் தானே ஏந்தி வருவதில்லை. செத்தவர் வாய் திறவார். அவருக்காகப் பேச ஊர் ஆயத்தமாக நிற்கிறது. அடுத்து எழுந்த மேடைப்பேச்சுகளில் தலித் இளைஞரின் ஜீன்ஸ் கால்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் காரணமாகக் காட்டப்பட்டன. தீ வைத்தவருக்கு ‘ஆத்திரம்’ என்னும் சூழல். காதலித்தவனுக்குத் ‘திட்டம்’ என்னும் இயல்பு. டெய்லரும் ஜக்கியும் அலுவலகத்தில் தாளில் கண்ட கணக்கு இங்கே தெருவில் முழுமையாக நடந்தேறியது.

‘கோவேறு கழுதைகள்’ 1994இல் க்ரியா வெளியீடாக வந்தது. இது இதே கணக்கின் மறுபக்கத்தைக் காட்டுவது. நாவலின் மையமான ஆரோக்கியம், பறையர் குடிகளுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் பெண், கத்தோலிக்கக் கிறிஸ்தவள். கணவன் சவுரி. களத்தில் கிடைக்கும் தானியமும் அந்தியில் வாங்கிவரும் சோறும் அவள் வாழ்வாதாரம். தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டோரின் குடியிருப்புக்கு உள்ளேயே, அவர்களாலும் ஒதுக்கப்பட்ட ஒரு வீடு உண்டு என்று தமிழ் நாவல் உலகுக்குக் காட்டிய படைப்பு இது. வெளிவந்த காலத்தில் ராஜ் கௌதமன் போன்ற தலித் திறனாய்வாளர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். ஒடுக்கப்பட்டோரிடையே உள்ள ஒடுக்குமுறையை இவ்வாறு முன்னிறுத்துவது மேல்சாதியாரின் குற்றத்தை மறைக்க உதவும் என்பது அவ்வெதிர்ப்பின் சாரம். அவ்வச்சம் வெறுமையானதன்று. குழுக்களிடையே காரணம் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதைக் கண்டோம். ‘அவர்களே அப்படித்தான்’ என்று சொல்லக் காத்திருப்பவருக்கு எந்த நூலும் சான்றாகிவிடும். ஆனால் அவ்வாறு படிப்பவரின் பிழையை எழுதியவரின்மேல் சுமத்துதல் முறையன்று.

நாவலில் நம்மைக் கலக்குவது வேறு. ஆரோக்கியத்துக்குத் தானியம் குறைகிறது; பழைய வழக்கங்கள் தேய்கின்றன; மகள் மேரிக்கு நேர்ந்த வன்கொடுமையைக்கூட ஊர் முன் வைத்து நீதி கேட்க இயலவில்லை. இத்தனைக்கும் பின்னரும் அவள் தன்னை ஆளும் வீடுகளைச் சார்ந்தே நிற்கிறாள். ஊரை விட்டுப் போக மனம் ஒப்பாதவளாகிறாள். தன் பிறப்பையும் விதியையும் நொந்துகொள்கிறாள். அதாவது, மேலிருப்போருக்குச் சூழலின் சலுகையை வழங்கி, குறையைத் தன்பால் எடுத்துக்கொள்கிறாள். மைல்ஸ் ஹியூஸ்டனும் கொலீன் வார்டும் 1985இல் டெய்லர்–ஜக்கி ஆய்வை மலேசியாவில் மறுமுறை செய்தபோது, பெரும்பான்மையினரான மலாய்க்காரர் தம்மவருக்குச் சலுகை காட்டினர்; சிறுபான்மைச் சீனரோ தம்மவருக்கு அச்சலுகையைக் காட்டவில்லை. தன் குழுவுக்குச் சாதகமாகக் காரணம் கற்பித்தல் மனித இயற்கை என்று நாம் எண்ணியது ஒருவாறு அதிகாரத்தின் இயற்கையே என்று தோன்றுகிறது. ஆரோக்கியத்தின் புலம்பலை ‘பொறுமை’ என்றும் ‘விசுவாசம்’ என்றும் புகழ்ந்து அருளுரையில் எடுத்துக்காட்டும் போதகர் உண்டானால், அவர் நாவலைப் படிக்கவில்லை என்போம். இமையம் அவளைப் புனிதவதியாக்கவில்லை. அவள் புலம்பலின் நீளமே, அவளிடம் வேறு மொழி விட்டுவைக்கப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. தாய்க்குத் தெரியாத வேறு விளக்கங்களைப் பிள்ளைகள் ஊருக்கு வெளியே தேடத் தொடங்குவதும் நாவலில் உண்டு.

இவ்விரு நூல்களுள் கலையால் சிறந்தது முந்தியதே என்பது நம் கருத்து. ‘பெத்தவன்’ ஒரே மூச்சில் படிக்கச் செய்வது, பல்லாயிரவர் கைக்குச் சென்றது, மேடைகளில் பேசப்பட்டது, அவ்வளவும் தகும். எனினும் அதன்மேல் நமக்குக் குறையொன்று உண்டு. கதையின் முற்பகுதி ஊரின் நெருக்கத்தை மூச்சுத் திணற வைக்கும் அளவுக்குக் கட்டுகிறது. பிற்பகுதி அதன் முழு விடையையும் ஒரு தனி மனிதனின் நெஞ்சில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. வாசகர் அழுகிறார், பழனியைப் போல் ஒரு தகப்பன் உண்டா என்கிறார். அவ்வழுகையிலேயே பழைய பிழை நுழைந்துவிடுகிறது. கொலை சூழலால் நிகழ்வது, காப்பு குணத்தால் நிகழ்வது என்னும் எண்ணம் அப்படியே இருக்கிறது. குணவானைத் தேடிக் காத்திருக்கும் ஊர், தன் கூட்டத்தைக் கலைக்கவேண்டியதில்லை. பாக்கியத்தின் துணிவும் இதனால் பின்னுக்குப் போகிறது. அடியும் வசையும் பட்டும் தன் முடிவில் நின்றவள் அவள். ஊரை முதலில் மறுத்தவளும் அவளே. ஆனால் கதையின் பெயர் அவளுக்குரியதன்று. பெரியசாமியோ ஊர்ப்பேச்சின் பொருளாக மட்டுமே நிற்கிறான். தன்னைப்பற்றித் தானே ஒரு காரணம் கூறும் வாய்ப்பு அவனுக்கு இல்லை.

தந்தையின் சாவைத் தியாகம் என்று கொண்டு, அதனைச் சிலுவையோடு ஒப்பிட்டு அருளுரை செய்ய நம் மாணவர் சிலர் விரும்பக்கூடும். அவ்விருப்பத்தை ஐயத்தோடு பார்க்கின்றோம். பழனி சாவது எவருடைய பாவத்தையும் சுமப்பதற்காக அன்று. மறுநாட் காலையில் ஊரின் முகத்தில் விழிக்க இயலாமையால். அவ்வியலாமையை மகிமையாக்கினால், அதனை உண்டாக்கிய ஊரை விசாரணையினின்று விடுவித்தவராவோம். தற்கொலையே இவ்விக்கட்டுக்கு மானமுள்ள முடிவு என்னும் எண்ணத்தைக் கேட்போர் மனத்தில் விதைக்கும் இடரும் அங்கு உண்டு.

நீதிமன்றம் தனித்தனி ஆள்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இயலும். யார் நஞ்சைக் கொடுத்தார், யார் பொய்யை எழுதினார் என்பதே அதன் வினா, அவ்வாறிருப்பதே முறை. ஊரைக் கூண்டில் ஏற்றும் வசதி கதைக்கு மட்டும் உண்டு. இமையம் ஊரின் குரலைப் பிழையறக் கேட்டவர். ஆனால் அக்குரலுக்குரிய மனிதரின் வீட்டுக்குள் அவர் இன்னும் நம்மை அழைத்துச் செல்லவில்லை. ஊர்க்கூட்டத்துக்கு வந்து, நடுவரிசையில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து, ‘ஊர் முடிவுதான் முடிவு’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் உண்டு படுத்த ஒருவனை முதன்மைப் பாத்திரமாக்கி ஒரு கதை வருமாயின், அவனும் தன் மகளைப் பெற்றவனாக இருப்பானாயின், அக்கதையை முதலில் வாங்கிப் படிப்பவர்களுள் நாமும் இருப்போம்.